திருப்புளி வரும் பாகம்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் மாமாவும் நலம். நீயும் உன் வீட்டுக்காரியும் நலம்தானே? உன் முதுகுவலி குறைந்ததா, இல்லை இன்னும் வளைந்துகொண்டுதான் நடக்கிறாயா?

போனில் கூப்பிடாமல் இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நீ முழிப்பது இங்கிருந்தே தெரிகிறது. தொண்டையில் சின்னதாக ஒரு வளர்ச்சி. போன வாரம் எடுத்துவிட்டார்கள். கொஞ்ச நாளைக்கு வாயைத் திறக்கக் கூடாது, குசுகுசுவென்றுகூடப் பேசக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. வேறொன்றும் இல்லை. "பயணிகளின் கவனத்திற்கு" என்று ஸ்டேஷனையே இத்தனை வருஷம் அதட்டியவளுக்கு இப்போது பேச ஒரு சிலேட்டும் சாக்பீஸும். மாமாவுக்குக் கொண்டாட்டம் என்று நினைக்காதே. வீடு சத்தமில்லாமல் இருந்தால் அவருக்குப் பயமாக இருக்கிறதாம். ஒரு ரேடியோ வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வேலைக்குப் போகிறேன். மைக்கிலிருந்து எடுத்து, தொலைந்த பொருள் கவுன்ட்டரில் உட்கார வைத்திருக்கிறார்கள். குடை, ஒற்றைச் செருப்பு, ஊன்றுகோல். ஒரு பல்செட்கூட இருக்கிறது. தொலைத்தவர் அதை எந்த வாயால் வந்து கேட்பார் என்று காத்திருக்கிறேன்.

எழுத வந்தது வேறு. யாரும் தேடி வராத பொருள்களை ஒழிக்கும்போது அடியில் ஒரு புத்தகம் கிடைத்தது. "தும்பிக் கலம்", முதல் பாகம்! மேலதிகாரியிடம் சிலேட்டில் எழுதிக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். நாம் மாடிப்படியில் உட்கார்ந்து, நான் வாசிக்க வாசிக்க, நீ பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்த அதே தும்பிக் கலம். அதே அட்டை. விண்கலத்துக்கு நாலு இறக்கை. உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மெசேஜ் அனுப்பினால் நீ "சரி" என்று ஒரு சொல்லோடு முடித்துவிடுவாய். கையால் எழுது.

உன் பதிலுக்கு வழி பார்க்கும்
அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். முதுகு பரவாயில்லை. உன் தொண்டையை ஒழுங்காகப் பார்த்துக்கொள். ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் தம்பிக்குச் செய்தியா? நல்லா இருக்கு நியாயம்.

நான் மெசேஜில் "சரி" போடுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் தட்டும் சொல்லை மாற்றி அந்தப் போன் வேறொன்றைப் போட்டுவிடுகிறது. நான் அதைக் கவனிக்காமல் அனுப்பிவிடுகிறேன். கையால் எழுதினால் தப்பாவது என் தப்பாக இருக்கும். இந்தக் கடிதத்தில் எத்தனை அடித்தல் என்று எண்ணாதே.

தும்பிக் கலம் என்று படித்ததும், ரிப்பேருக்கு இறங்கியிருந்த லிப்ட் குழிக்குள் நின்றுகொண்டு சத்தமாகச் சிரித்துவிட்டேன். மேலே வாட்ச்மேன், "என்ன சார், ஷாக் அடிச்சிருச்சா?" என்று எட்டிப் பார்த்தார்.

அக்கா, அந்தப் புத்தகத்தை எனக்கு அனுப்பு. இந்த முறை நானே படிக்கப் போகிறேன். எழுத்துகள் எனக்கு இப்போதும் இடம் மாறி ஆடும். ஆனால் மெதுவாகப் போனால் பிடித்துவிடுகிறேன். எனக்குத் திருப்புளியைப் பார்க்க வேண்டும். கலத்தின் அடியில், இன்ஜின் அறையில் படுத்துத் தூங்குவானே, அந்தப் பயல். ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் இன்ஜினில் காதை வைத்தால் எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். நான் இன்றைக்கும் லிப்ட் மோட்டாரில் காதை வைக்கும்போது அவன் நினைப்புதான். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் என்னை மக்கு என்று சொன்ன காலத்தில், எனக்கென்று இருந்தவன் அவன் ஒருத்தன்.

சீக்கிரம் அனுப்பு. மாமாவுக்கு என் வணக்கம்.

தம்பி


மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் நலம் என்று அறிந்து சந்தோஷம். அடித்தலை எண்ணவில்லை.

புத்தகத்தை மறுபடியும் படித்து முடித்தேன். நமக்கு அப்போது எதுவுமே தெரியவில்லை, போ. விண்வெளியில் கலம் தீப்பிடித்து எரிகிறது. காற்றே இல்லாத இடத்தில் நெருப்பு எப்படிப் பற்றும்? அதை அணைக்க ஒருத்தன் கதவைத் திறந்து ஒரு வாளித் தண்ணீர் வேறு ஊற்றுகிறான். ஒரு கோளிலிருந்து இன்னொன்றுக்குப் போக "இடப்பக்கம் திருப்பு" என்கிறார்கள், ஏதோ தெருமுனை மாதிரி. இன்னொன்று. கேப்டன் அத்தையை நாம் பெரிய கிழவி என்று நினைத்திருந்தோம், ஞாபகம் இருக்கிறதா? அவளுக்கு இருபத்தெட்டு வயது என்று போட்டிருக்கிறது. எனக்குத் தங்கச்சி! அந்தச் சின்னப் பெண் ஏழு பிள்ளைகளையும் ஓட்டைக் கலத்தையும் கட்டிக்கொண்டு என்ன பாடுபட்டிருப்பாள். அப்போது அவள் அதட்டுகிறாள் என்று கோபம் வந்தது. இப்போது அவள் பயந்துபோய் இருக்கிறாள் என்று புரிகிறது.

அனுப்பலாம்தான். ஆனால் தையல் விட்டுப் போயிருக்கிறது, தபாலில் கிழிந்துவிடும். எழுத்தும் ரொம்பச் சின்னது, உனக்குச் சிரமம். நான் வேண்டுமானால் கதையைச் சுருக்கி எழுதி அனுப்பட்டுமா?

டாக்டரிடம் போய் வந்தேன். ஏதோ பரிசோதனை முடிவு வரட்டும் என்றார். வழக்கமானதுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமா என்று கேட்டால், டாக்டரைப் பற்றி இரண்டு வரி, கேப்டன் அத்தையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். என்ன பரிசோதனை?

எழுத்து சின்னது, உனக்குச் சிரமம் என்று வாத்தியார்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நீ சொல்லிக் கேட்டதில்லை. கிழிந்தால் ஒட்டிக்கொள்கிறேன். அனுப்பு.

தம்பி


மார்ச் 18

அன்புள்ள தம்பிக்கு,

புத்தகத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மாமா தன் கண்ணாடிக் கடையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியும் வைத்திருக்கிறார். உன் கண்ணுக்கு ஒன்றுமில்லை, சும்மா வைத்துக்கொள்ளட்டும் என்றார்.

பிடிக்காவிட்டால் பாதியில் நிறுத்திவிடு. முடித்தால் என்னைத் திட்டாதே.

பரிசோதனையா, அது ஒன்றுமில்லை. அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டியிருக்கிறது, அதனால் லீவு போட்டிருக்கிறேன். பதில் தாமதமானால் கவலைப்படாதே.

அக்கா


ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். படித்துவிட்டேன்! முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, ஒரு பக்கத்தைக்கூடத் தாண்டவில்லை.

எங்கே வைத்துப் படித்தேன் தெரியுமா? மொட்டை மாடியில் லிப்ட் மோட்டார் அறை இருக்குமே, அங்கே. சாப்பாட்டு நேரத்தில் ஸ்டீல் ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக. ஸ்கேல் இருந்தால் எழுத்துகள் கீழே விழாமல் உட்கார்ந்திருக்கின்றன. மாமாவின் பூதக்கண்ணாடி கலத்தின் இறக்கையைப் பார்க்கப் பயன்பட்டது. உன் தம்பி பெண்டாட்டி தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம், "அவரு புக்கு படிக்கிறாரு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள், ஏதோ நான் மலை ஏறிய மாதிரி.

நெருப்பு விஷயம் நீ சொன்னது சரி. ஆனால் கலம் முதன்முதலாகத் தரையை விட்டுக் கிளம்புகிற இடம் வந்ததும் பழையபடி இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டேன். நாற்பதை நெருங்குகிறவனுக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

ஆனால் ஒன்று. திருப்புளி வரவேயில்லை. தாவிவிட்டேனோ என்று இன்ஜின் அறை வருகிற பக்கங்களை இரண்டு தரம் பார்த்தேன். "இன்ஜின் உறுமியது" என்று மட்டும் இருக்கிறது, ஆளைக் காணோம். இரண்டாம் பாகத்தில்தான் வருவான் போலிருக்கிறது. கடைவீதியில் ஒரு பழைய புத்தகக் கடையில் இரண்டும் மூன்றும் கிடைத்தன. நாலும் ஐந்தும் வரும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.

எந்தப் பாகத்தில் வருகிறான் என்று ஒரு வரி எழுதிப் போடு.

தம்பி


மே 10

அக்காவுக்கு,

நாலு வாரமாகப் பதில் இல்லை. ஏன் என்று இப்போது எனக்கே தெரிந்துவிட்டது.

ராத்திரியும் முழித்திருந்து ஐந்து பாகமும் படித்தாகிவிட்டது. நேற்று கடைக்காரரிடம் கேட்டேன். அவர் இந்தத் தொடரைத் தலைகீழாக ஒப்பிப்பவர்.

"திருப்புளி எந்தப் பாகத்துல சார் வர்றான்?"

"யாரு?"

"இன்ஜின் ரூம் பையன். எழுதப் படிக்கத் தெரியாது. காதாலேயே ரிப்பேர் கண்டுபிடிப்பான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசித்தார். "அப்படி யாரும் இல்லையே தம்பி. வேற ஏதாவது கதையோட குழப்பிக்கிட்டீங்களா?"

நான் குழப்பிக்கொள்ளவில்லை, இல்லையா அக்கா? எரிகிற கலத்தை வால்வைத் திருகிக் காப்பாற்றியது அவன். புத்தகத்தில் அந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீரிலேயே அணைந்துவிடுகிறது, வேறு பாகத்தில் இன்னொரு தீ வரும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மூன்றாம் பாகத்தில் கேப்டன் அத்தை "இவன் இல்லேன்னா நாம யாரும் இல்ல" என்று ஒருவன் தோளில் கை வைப்பாளே, அந்த இடமே இல்லை.

நான் யாரைப் பார்த்து ஸ்பானரைக் கையில் எடுத்தேனோ அவன் அச்சில் இல்லாத ஆள். தம்பி மக்கு, அழுதுகொண்டு வருகிறான், பாவம் என்று ஒரு பொம்மை செய்து கொடுத்தாயா? அதனால்தான் புத்தகத்தை அனுப்பத் தயங்கினாயா? நேராகச் சொல்லியிருக்கலாம்.

தம்பி


மே 17

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. கண்ணுக்குக் கண்ணாடி மாட்டத் தெரியும், கடிதம் எழுதத் தெரியாது. பொறுத்துக்கொள்.

உன் அக்கா தொண்டையில் எடுத்தது நல்ல சதை அல்ல. மார்ச் மாதமே முடிவு வந்துவிட்டது. ஆரம்ப நிலைதான், உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் உறுதியாகச் சொல்கிறார். குரல் திரும்புமா, எப்படித் திரும்பும் என்பதைத்தான் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். கழுத்தில் கதிர் வைக்கிறார்கள், கதிர்வீச்சு சிகிச்சை. விழுங்கக் கஷ்டப்படுகிறாள். ஒவ்வொரு நாளும் போய்வந்து படுத்துவிடுகிறாள்.

அவள் பதில் எழுதாததற்கு இதுதான் காரணம். உன் கடைசிக் கடிதம் வந்த அன்று எழுந்து உட்கார்ந்து எழுதினாள், கிழித்தாள், மறுபடி எழுதினாள், கிழித்தாள். நான் குப்பைக்கூடையைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

"தம்பிக்குச் சொல்லாதீங்க" என்று சிலேட்டில் எழுதி அடிக்கோடு வேறு போட்டிருந்தாள். சொல்லக் கூடாது என்றுதான் எழுதினாள். எழுதக் கூடாது என்று எழுதவில்லை.

அன்புடன்
மாமா


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவைத் திட்டாதே.

நான் அந்தக் கடிதத்தில் உன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். திருப்புளி இருக்கட்டும் ஒரு பக்கம்.

உடனே கிளம்பி வரப் பார்த்தேன். மாமாவிடம் போனில் பேசினேன். "இப்ப வந்தா அவ எழுந்து உனக்கு உபசாரம் பண்ணுவா மாப்ளே, முடியட்டும்" என்றார். அதுவும் சரிதான், உன்னை எனக்குத் தெரியாதா. அதனால் வேறு ஏற்பாடு.

ஆறாம் பாகம் நினைவிருக்கிறதா? அது வெளிவருவதற்குள் உனக்கு வேலை கிடைத்து ஊரைவிட்டுப் போய்விட்டாய். நாம் இரண்டு பேருமே அதைப் படித்ததில்லை. கடைக்காரர் விற்க மாட்டேன் என்று வைத்திருந்த தன் சொந்தப் பிரதியைக் கொடுத்திருக்கிறார். "அக்காவுக்கு உடம்பு சரியில்லையா? கொண்டு போங்க, நிதானமா படிச்சுட்டுக் கொடுங்க" என்றார்.

தினம் சாப்பாட்டு நேரத்தில் மோட்டார் அறையிலிருந்து கூப்பிடுவேன். நீ பேச வேண்டாம். போனைக் காதில் வைத்துக்கொண்டு படுத்துக்கொள். நான் வாசிக்கிறேன். ஒரு ஸ்பூனை டம்ளரில் ஒரு தடவை தட்டினால் மேலே படி என்று அர்த்தம். இரண்டு தட்டினால் புரியவில்லை, திரும்பப் படி. நான் திக்குவேன், சிரிக்காதே. சிரித்தாலும் சத்தம் வரக் கூடாது, டாக்டர் உத்தரவு.

தம்பி


ஜூன் 26

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா உட்கார்ந்து எழுதுகிறேன். கதிர் வைப்பது முடிந்தது. கஞ்சி இறங்குகிறது. நேற்று பாதி வாழைப்பழம். பெரிய முன்னேற்றம் என்று மாமா வீடெல்லாம் நடந்தார்.

அந்த நாட்களை நீ எனக்கு எப்படிக் கடத்திக் கொடுத்தாய் என்று உனக்குத் தெரியாது. காலையில் ஆஸ்பத்திரியில் முகமூடியைப் பூட்டி, அசையாதே என்று படுக்க வைப்பார்கள். மதியம் நீ கூப்பிடுவாய் என்பதை மட்டும் நினைத்துக்கொள்வேன். நீ "விண்கலம் நடுங்கியது" என்பதை "வெண்கலம் நடுங்கியது" என்று படித்தாய். பாத்திரக் கடை ஒன்று வானத்தில் பறப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு பக்கம் கேட்டேன். இரண்டு தட்டுத் தட்டவில்லை, ரசித்துக்கொண்டிருந்தேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். இரக்கமா என்று கேட்டிருந்தாய். இல்லை. உனக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. மீதியை நான் சொல்கிறேன்.

நான் வாசிக்கும்போது நீ குறுக்கே கேட்டுக்கொண்டே இருப்பாய். "இன்ஜினை யாருக்கா பாத்துக்கறாங்க? எண்ணெய் யாரு போடறா?" புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. எழுதியவருக்கு அந்த யோசனையே வரவில்லை. நீ விடவில்லை. பதில் வராமல் அடுத்த பக்கம் புரட்ட விட மாட்டாய். "ஒரு பையன் இருக்கான்டா, போதுமா?" என்றேன். "அவன் பேரு?" என்றாய். நான் யோசிப்பதற்குள் நீயே "திருப்புளி" என்றாய், ஸ்க்ரூடிரைவரின் பேரையே வைத்து. "படிக்கத் தெரியுமா?" என்று நான்தான் கேட்டேன். நீ தோளில் இருந்த பைப் பட்டையைத் திருகினாய். அப்புறம், "தெரியாது. ஆனா அவனுக்குக் காது கேக்கும்" என்றாய். அந்த வால்வைத் திருகியது எப்படி என்று சொன்னதும் நீ. கேப்டன் அத்தை கை வைத்தது மட்டும்தான் நான் சேர்த்தது.

அவனை நான் உனக்குக் கொடுக்கவில்லை, தம்பி. நீ எனக்குச் சொன்னாய், நான் குரல் கொடுத்தேன், அவ்வளவுதான்.

புத்தகத்தை அனுப்பத் தயங்கியது உண்மை. அவன் இல்லை என்று தெரிந்தால் உனக்கு ஏதோ ஒன்று உடைந்துவிடும் என்று பயந்தேன். என் உடம்பைப் பற்றி எழுதாததும் அதே பயம்தான். மைக் இல்லாத நான் என்ன ஆள் என்று எனக்கே தெரியாமல் இருந்தது. அதை எழுத்தில் போட்டால் உறுதியாகிவிடும் போலிருந்தது.

இன்னும் குரல் இல்லை. காத்திருக்கச் சொல்கிறார்கள். உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

வாழைப்பழம் முழுசாக ஆயிற்றா?

உன் கடிதத்தை மோட்டார் அறையில் படித்தேன். ஸ்கேல் வைக்க மறந்துவிட்டேன், அப்படியும் படித்துவிட்டேன். "அவனுக்குக் காது கேக்கும்" என்று நான் சொன்னேனா? எனக்குச் சுத்தமாக நினைவில்லை. ஒன்பது வயதில் அவ்வளவு தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது? இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டு திரிந்தேன். வேறு யாரோ என்னைப் பற்றி நல்ல சேதி சொன்ன மாதிரி இருந்தது.

நேற்று கடைசி அத்தியாயம் முடிந்ததும் நீ ஸ்பூனால் விடாமல் தட்டினாயே, டம்ளர் உடையவில்லையா? பிள்ளைகள் எல்லோரும் இறங்கி வீட்டுக்குப் போகிறார்கள், கேப்டன் அத்தை கதவைச் சாத்துகிறாள், கதை முடிந்தது. புத்தகத்தில் அவ்வளவுதான். அவள் கதவைச் சாத்துவதற்கு முன் கீழே குனிந்து, "இன்னும் யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டதும், கையெல்லாம் எண்ணெயோடு ஒருத்தன் மேலே ஏறி வந்ததும் நான் போட்டது. திக்காமல் சொல்லிவிட்டேன், கவனித்தாயா? அந்த இடத்தில் வாசிப்பதற்கு எழுத்தே இல்லையே.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடைக்காரர் நான் சேர்த்த முடிவைக் கேட்டுவிட்டு, "இது இல்லாம இத்தனை வருஷம் எப்படி வித்துக்கிட்டு இருந்தேன்" என்றார்.

ஆகஸ்ட் கடைசியில் லீவு கிடைக்கும். இரண்டு பேரும் வருகிறோம். உபசாரம் செய்தால் திரும்பிப் போய்விடுவோம்.

தம்பி


ஆகஸ்ட் 6

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். இந்த முறை ஒப்புக்கு எழுதவில்லை. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். சுத்தமாக இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்டினால் போதுமாம்.

"ஏதாவது பேசுங்க" என்றார். இத்தனை மாதம் பேசக் காத்திருந்தவள், பேசு என்றதும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முழித்துக்கொண்டு நின்றேன். கடைசியில், "என்ன பேச?" என்றேன். அவ்வளவுதான். இரும்பு பெஞ்சைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு சத்தம். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்த மாமா, "யாரு?" என்று கேட்டுக்கொண்டே திரும்பினார். நர்ஸ் சிரித்தாள். நானும் சிரித்தேன். மாமா மட்டும் கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

பழைய குரல் திரும்பாது. இது இன்னும் கொஞ்சம் தெளியும், ஆனால் இப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன், மறைக்கவில்லை. மைக்குக்கு வேறு ஒரு பெண்ணைப் போட்டுவிட்டார்கள். நன்றாகப் பேசுகிறாள், கொஞ்சம் வேகம். நான் தொலைந்த பொருள் கவுன்ட்டரை நிரந்தரமாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சனிக்கிழமை முதல் நாள். ஒரு பெரியவர் வந்தார். நான் பேசியது கேட்காமல் கண்ணாடித் தடுப்புக்கு மேல் முகத்தை நீட்டினார். நான் அவர் காதுக்குப் பக்கத்தில் போய், "எந்த வண்டில விட்டீங்க?" என்று கேட்டேன். மைக்கில் ஆயிரம் பேருக்குச் சொன்னபோது ஒருத்தரும் இப்படிப் பக்கத்தில் வந்து கேட்டதில்லை. பெட்டி கிடைத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம் பேசலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்திருக்கிறார். கவுன்ட்டருக்கே அது போதாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை லீவு. அன்றைய ஐந்து நிமிஷத்தை யாரிடமும், மாமாவிடம்கூட, செலவழிக்காமல் வைத்திருக்கிறேன். காலையில் நானே கூப்பிடுகிறேன்.

எடுத்துப் பேசு. ஏதோ ஆம்பளைக் குரல், ராங் நம்பர் என்று வைத்துவிடாதே. நான்தான்.

அக்கா